ஆறாவது ஆள் எங்கே?

பரமார்த்த குருவும் அவருடைய ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்த கதையைச் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று சீடர்களுக்குப் பெயர். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்த்துவர ஒரு சீடன் கொள்ளிக்கட்டையோடு போகிறான். எரிகிற கட்டையைத் தண்ணீரில் வைத்ததும் 'சொய்ங்' என்று சத்தம் வருகிறது, புகை வருகிறது. "ஐயோ குருவே, ஆறு விழித்திருக்கிறது!" என்று அலறிக்கொண்டு ஓடி வருகிறான். கொஞ்ச நேரம் கழித்து அதே கட்டையை மறுபடியும் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறார்கள். கட்டைதான் அணைந்துவிட்டதே, சத்தம் எங்கிருந்து வரும்? ஆறு தூங்கிவிட்டது என்று முடிவு செய்து, அதன் தூக்கம் கலையாமல் பூனை நடை நடந்து அக்கரை போய்ச் சேருகிறார்கள்.

கரையேறியதும் எல்லாரும் வந்துவிட்டோமா என்று ஒருவன் எண்ணுகிறான். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். இன்னொருவன் எண்ணுகிறான். அவனுக்கும் ஐந்துதான். யார் எண்ணினாலும் ஐந்து. ஆறாவது ஆளை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லாரும் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள், ஆற்றைச் சபிக்கிறார்கள். அந்தப் பக்கமாக வந்த வழிப்போக்கன் ஒருவன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, "காணாமல் போனவனை என் தடி கண்டுபிடித்துத் தரும்" என்கிறான். வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு போடு போடுகிறான். அடி வாங்கியவன் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். ஆறாவது அடி விழுந்ததும் ஆறாவது ஆளும் கிடைத்துவிட்டான்!

இதை எழுதியவர் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்து, தமிழ் படித்து, 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர். எழுதியது 18-ஆம் நூற்றாண்டில். இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. பெரியவர்களும் சிரிப்பார்கள். ஆனால், வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால் முதுகு லேசாக வலிக்கும். ஏனென்றால், ஊரில் உள்ள எல்லாரையும் எண்ணிவிட்டு நம்மை மட்டும் எண்ணாமல் விடுவது நாம் தினமும் செய்கிற வேலை.

பாலத்தின் மேல் ஒரு குரல்

ஜொகூர்க்காரர்களுக்கும் கடக்க ஒரு தண்ணீர் இருக்கிறது. 1924-இல் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வேகமாக நடப்பவர் கால் மணி நேரத்தில் கடந்துவிடுவார். அதே தூரத்துக்கு வண்டியில் சில நாள் இரண்டு மணி நேரம், பண்டிகைக் காலத்தில் அதற்கும் மேலே. விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார்கள் கிளம்பிவிடும். மாசாய், ஸ்கூடாய், கூலாய் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் நம் பிள்ளைகள் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறார்கள். சட்டைக்கு மேலே ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, கையில் கடப்பிதழோடு அவர்கள் போகிற காட்சி நமக்குப் பழகிவிட்டது. வெளியூர்க்காரருக்கு அது இன்னும் புதிர்தான்: "ஏன் இந்த ஊரில் எல்லாரும் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்?"

வானொலியில் பேசுவது என் பிழைப்பு. நெரிசல் நேரத்தில் நேயர்களோடு பேசிப் பேசி ஒன்று கற்றுக்கொண்டேன். பாலத்தில் நிற்கிற யாரும் தன்னை நெரிசலில் சேர்த்துக்கொள்வதில்லை. ஒரு முறை நேயர் ஒருவர் கூப்பிட்டார். வண்டியை மனைவி ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோபம் என்றால் கோபம்.

"இந்த மனுசங்களுக்கு வேற வேலையே இல்லையா? எல்லாரும் இன்னிக்கே வெளிய வரணுமா?"

"நீங்க இப்ப எங்கண்ணே இருக்கீங்க?"

"பாலத்து மேலதான்!"

அதற்கப்புறம் ஒரு நொடி சத்தமே இல்லை. வானொலியில் ஒரு நொடி மௌனம் ரொம்ப நீளம். அந்த நொடிக்குப் பிறகு பின்னாலிருந்து அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அடுத்து அவரே சிரித்தார். "சரிதான், நானும் ஒரு வண்டிதானே" என்றார். நெரிசல் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால், அந்த வண்டிக்குள் இருந்த காற்று மாறிவிட்டது. வழிப்போக்கனின் தடி மெதுவாக அவர் முதுகில் பட்டது, காணாமல் போன ஆறாவது ஆள் கிடைத்துவிட்டார்.

நகைச்சுவை என்றால் என்ன என்று கேட்டால் இந்த ஒரு நொடியைத்தான் சொல்வேன். மாறாத ஒரு நிலைமைக்குள் நாம் நம்மைக் கண்டுபிடிக்கிற நொடி அது.

தம்மையும் எண்ணிக்கொண்டவர்கள்

தமிழில் நம்மை நன்றாகச் சிரிக்க வைத்த எழுத்தாளர்களை வரிசையாக நிற்கவைத்துப் பாருங்கள். எல்லாரும் தங்களையும், தங்கள் வீட்டையும், தங்கள் தெருவையும் சேர்த்து எண்ணியவர்கள்.

கல்கியை இன்றைய இளைஞர்கள் 'பொன்னியின் செல்வன்' வழியாகவே அறிவார்கள். 2022-லும் 2023-லும் வந்த படங்களுக்குப் பிறகு அந்தப் புத்தகம் நம் ஊர் வீடுகளிலும் மறுபடி நுழைந்தது. ஆனால், கல்கி முதலில் பெயர் வாங்கியது நகைச்சுவைக் கட்டுரைகளால். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற மனிதர் அவர். கசப்பாக எழுத அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவரோ நாட்டையும் திருத்த வேண்டும், படிக்கிறவன் சிரிக்கவும் வேண்டும் என்று நினைத்தார். சோழர் சரித்திரம் எழுத உட்கார்ந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, கண்டவரோடெல்லாம் வைணவ, சைவச் சண்டை போடுகிற ஆழ்வார்க்கடியானைக் கதையின் ஆரம்பத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அத்தனை சதிக்கும் கொலைக்கும் நடுவே அந்தக் குடுமிக்காரர் வரும்போதெல்லாம் நாம் கொஞ்சம் மூச்சு விடுகிறோம்.

தேவன் என்ற பெயரில் எழுதிய ஆர். மகாதேவன் 1913-இல் பிறந்து 1957-இல் மறைந்தார். அந்தக் குறுகிய வாழ்க்கையில் அவர் உருவாக்கிய 'துப்பறியும் சாம்பு' இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா. அசடு என்று எல்லாராலும் முத்திரை குத்தப்பட்டவன். அவன் எதையோ செய்யப் போய், அது எங்கேயோ இடித்து, கடைசியில் திருடன் பிடிபடுவான். ஊர் அவனை மேதை என்று கொண்டாடும். துப்பறியும் கதை என்றாலே அதிபுத்திசாலி வேண்டும் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதிர்ஷ்டம் மட்டுமே கைமுதலாக உள்ள ஒருவனைத் தேவன் நாயகனாக்கினார். அலுவலகத்தில் திட்டு வாங்கி வீட்டுக்கு வருகிற எவருக்கும் சாம்பு சொந்தக்காரன்தான்.

பாக்கியம் ராமசாமி என்பது ஜ.ரா. சுந்தரேசனின் புனைபெயர். தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டார். 1960-களில் குமுதத்தில் அவர் கொண்டுவந்த அப்புசாமித் தாத்தாவும் சீதாப்பாட்டியும் பல ஆண்டுகள் தமிழ் வீடுகளில் கூடவே குடியிருந்தார்கள். பாட்டி ஆங்கிலம் பேசுவார், பாட்டிகள் முன்னேற்றக் கழகம் நடத்துவார். தாத்தா அவரிடம் தோற்றுக்கொண்டே இருப்பார், அடுத்த வாரம் மறுபடியும் முட்டிக்கொள்ள வருவார். வயதானவர்களைப் பற்றிய நகைச்சுவைதான். ஆனால் முதுமையைக் கேலி செய்கிற ஒரு வாடையும் அதில் இல்லை. அவ்வளவு உற்சாகமான கிழவர்களாக நாமும் ஆக வேண்டும் என்ற ஆசைதான் வரும்.

சாவி, 'வாஷிங்டனில் திருமணம்' எழுதியது 1963-இல். ராக்பெல்லர் சீமாட்டி ஒருவர் நம் ஊர்க் கல்யாணத்தை வாஷிங்டனில் நடத்திப் பார்க்க ஆசைப்படுகிறார். அப்பளம் இடப் பாட்டிமார்கள் முதற்கொண்டு எல்லாரும் விமானம் ஏறுகிறார்கள். கதையில் அமெரிக்கர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பது நம்மைத்தான். நம்முடைய சம்பந்தி மரியாதை, நம்முடைய காப்பி, நம்முடைய கோபம். ஜொகூர் பாருவில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டு வந்து அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். அறுபது ஆண்டுக்கு முந்தைய கதை என்றே தோன்றாது. மாமாவுக்கு வெற்றிலை பாக்கு சரியாக வைக்கவில்லை என்று யாரோ ஒருவர் இன்னமும் முறுக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறார்.

கடல் கடந்த தமிழர்களுக்கு அ. முத்துலிங்கம் இன்னும் நெருக்கம். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, ஆப்பிரிக்கா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று வேலை பார்த்து, கனடாவில் குடியேறியவர். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுக்காரரைப் பார்த்து அவர் சிரிப்பதில்லை. புது ஊரில், புது மொழிக்கு நடுவே, தான் திருதிருவென்று முழிப்பதையே எழுதுவார்.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் லாட். 1979-இல் வந்த அவருடைய 'கம்போங் பாய்' புத்தகத்தின் நாயகன் அவரேதான். தலைமயிர் குருவிக்கூடு மாதிரி, மூக்கு மூன்று உருண்டை மாதிரி. மலாய்க்காரர், சீனர், இந்தியர், சீக்கியர் என்று எல்லாரையும் அவர் வரைந்தார். தன்னைத்தான் எல்லாரையும்விட மோசமாக வரைந்துகொண்டார். அதனால்தான் அவர் நம் கல்யாணத்தை வரைந்தபோதும் நமக்குக் கோபம் வரவில்லை.

எள்ளலுக்கு இரண்டு பக்கம்

இந்த ரகசியத்தை நம் இலக்கணக்காரர்கள் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றொரு பகுதி உண்டு. மனித உணர்ச்சிகளை எட்டாகப் பிரித்து, நகையை முதலில் வைக்கிறார் தொல்காப்பியர். அழுகைகூட அதற்கப்புறம்தான். சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் சொல்கிறார்: கேலி செய்யும் எள்ளல், குழந்தைத்தனமான இளமை, அறியாமையான பேதைமை, எதையும் நம்பிவிடும் மடமை. அதற்கு உரை எழுதிய பேராசிரியர், எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். நாம் பிறரைக் கேலி செய்து சிரிப்பது ஒன்று. பிறர் நம்மைக் கேலி செய்யும்போது நாமே சிரிப்பது இன்னொன்று.

இன்றைய மேடைகளில் முதல் பாதி மட்டும் தாராளமாக ஓடுகிறது. கறுப்பு, குண்டு, குள்ளம், வழுக்கை, மாமியார், மனைவி. இந்த ஆறு சொல்லை எடுத்துவிட்டால் பல விருந்து நிகழ்ச்சிகளில் அறிவிப்பாளருக்குப் பேச விஷயம் இருக்காது. நானும் அதே தொழிலில் இருப்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஒரு கல்யாண விருந்தில் அறிவிப்பாளர் மணமகளின் உடல்வாகைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார். மண்டபம் சிரித்தது. மணமகளும் சிரித்தார். அவருடைய கை மட்டும் மெதுவாகச் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டது. சத்தத்தை மட்டும் பதிவு செய்திருந்தால் அந்த இடத்தில் கலகலப்புதான் கேட்டிருக்கும். கையைப் பார்த்தவர்களுக்குத்தான் வேறு கதை தெரியும்.

ஒரு ஜோக் நல்லதா கெட்டதா என்று பார்க்க நான் வைத்திருக்கிற அளவுகோல் இது: அதைச் சொன்னவர் அதற்குள் இருக்கிறாரா? தன் தொப்பையைப் பற்றித் தானே சொல்பவர் இருக்கிறார். அடுத்த வீட்டுப் பெண்ணின் நிறத்தைப் பற்றிச் சொல்பவர் இல்லை. அவர் ஐந்து வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டவர்.

சத்தமில்லாத சிரிப்பு

இப்போது நம் வரவேற்பறைக்கு வருவோம். இரவு ஒன்பது மணி. சாப்பாடு முடிந்தது. நான்கு பேர், நான்கு கைப்பேசி. புலனக் குழுவில் ஒரு வேடிக்கைக் காணொளி வருகிறது. கண்ணீர் வழியச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் ஏழெட்டு உடனே வந்து விழுகின்றன. அனுப்பியவர் முகத்தைப் பார்த்தால் ஒரு தசைகூட அசைந்திருக்காது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம், யார் காதிலும் சிரிப்பு விழவில்லை.

சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் புரோவைன், கடைவீதி, பல்கலைக்கழக வளாகம் போன்ற இடங்களில் சாதாரண மனிதர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று குறித்து வைத்தார். சுமார் 1,200 சிரிப்புகள். அவற்றில் ஜோக் என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின்னால் வந்தவை 10 முதல் 20 விழுக்காடுதான். மற்றதெல்லாம் "அப்புறம் பார்ப்போம்", "நீயா வந்தே?" போன்ற வெறும் பேச்சுக்கு வந்த சிரிப்பு. தனியாக இருக்கும்போதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது மனிதர் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார் என்றும் அவர் கண்டார். 1900-இலேயே பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆன்றி பெர்க்சன் தம் நூலில், சிரிப்புக்கு எதிரொலி வேண்டும் என்ற கருத்தை எழுதியிருந்தார்.

ஊடகக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர் ஒரு சிரிப்புப் பெட்டி செய்தார். பதிவு செய்த சிரிப்புகளை அதில் வைத்து, விசையைத் தட்டினால் வேண்டிய அளவுக்குச் சிரிப்பு வரும். தொலைக்காட்சி முன் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குக் கூடச் சிரிக்க ஆள் வேண்டும் என்பதை அந்தப் பெட்டி ஒப்புக்கொண்டது. நம் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். நமக்கு எதற்குப் பெட்டி?

வள்ளுவரும் பண்புடைமை அதிகாரத்தில் இதைத் தொடுகிறார். பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவருக்குப் பட்டப்பகலும் இருட்டுதான் என்பது அவர் கருத்து. கைப்பேசி வெளிச்சத்தில் நான்கு முகங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குறள்தான் நினைவுக்கு வரும்.

முன்பு வார இதழும் ஞாயிறு நாளிதழும் வேறு மாதிரி வீட்டுக்குள் வந்தன. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களைத் தோட்டத்து லயத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிப்பார், ஏழெட்டுப் பேர் கேட்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பால்மரத்துக்குப் போய்வந்த களைப்பில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அதுதான் வானொலி. வாசிப்பவர் நடுவில் நிறுத்துவார், குரலை மாற்றுவார், கிராணியைப் போலப் பேசிக் காட்டுவார். ஒரு தாள், பல சிரிப்பு. இன்று ஆளுக்கொரு திரை இருக்கிறது, சிரிப்புதான் பங்கு பிரிந்துவிட்டது.

தாளிப்புப் புகைக்கு நடுவே

நகைச்சுவை படிக்கிறவருக்குக் கூடுதலாக ஒரு லாபம் உண்டு. கண் கூர்மையாகும். சின்னச் சின்ன இன்பங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரிய ஆரம்பிக்கும்.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் எழுதிய 167-ஆம் பாட்டு ஒரு சமையலறைக் காட்சி. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் ஒருத்தி தயிரைக் கையால் பிசைகிறாள். அந்தக் கையைக் கழுவாமல் உடுத்தியிருந்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. எப்படியோ ஒரு புளிக்குழம்பு தயாராகிறது. கணவன் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறான். அவள் முகத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மகிழ்ச்சி. அவ்வளவுதான் பாட்டு. சண்டை இல்லை, பிரிவு இல்லை, அரசன் இல்லை. ஒரு பெண்ணின் முகத்தில் மெல்ல ஓடி மறைந்த சந்தோஷத்தை யாரோ ஒருவர் கவனித்தார், அது இத்தனை நூற்றாண்டுகளாக நிற்கிறது.

அந்தக் கண்ணோடு நம் ஊரைப் பாருங்கள். ஒட்டுக்கடையில் ஒருவர் "அண்ணே, தே ஓ கோசோங் ரெண்டு, பொங்குஸ்!" என்கிறார். இந்த ஒரு வரிக்குள் தமிழும் மலாயும் சீனமும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. அண்ணன் ஒன்றும் குழம்பவில்லை. இன்னொருவர் இனிப்பு நீர் என்று மருத்துவர் எச்சரித்ததால் சீனி இல்லாத தே கேட்கிறார், கூடவே இரண்டு ரொட்டி கானாயும் அதற்குச் சீனியும். குளுவாங் ரயில் நிலையத்தில் 1938 முதல் இருக்கும் காப்பிக் கடையில், ரயிலுக்குப் போகாதவர்களும் ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் போலவே உட்கார்ந்திருப்பார்கள்.

ஜொகூர் பாருவில் அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். சுவரும் தூணும் கூரையும் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகளால் இழைத்தவை. சுற்றுப்பயணிகள் அந்த மினுமினுப்பைப் படம் எடுப்பார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் மக்களின் முகத்தைப் பார்ப்பேன். அம்மனைப் பார்க்க நிமிர்பவருக்கு முதலில் தெரிவது நூறு துண்டுகளாகச் சிதறிய தன் முகம். மூக்கு ஓரிடத்தில், பொட்டு வேறிடத்தில். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் ஒரு சின்னப் புன்னகை செய்துவிட்டுத்தான் கை கூப்புகிறார்கள். கோயிலுக்குள் நுழைந்ததும் நம்மை நமக்கே எண்ணிக் காட்டிவிடுகிற இடம் அது.

சிரிக்காத மொழி

இதில் வேடிக்கையைத் தாண்டி ஒரு கவலையும் எனக்கு இருக்கிறது. நாட்டில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே தமிழ் எழுதக் கற்கிறார்கள், திருக்குறள் மனப்பாடம் செய்கிறார்கள், கட்டுரைக்கு மதிப்பெண் வாங்குகிறார்கள். அதே பிள்ளைகள் எந்த மொழியில் சிரிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? காணொளியில் ஆங்கிலம், நண்பர்களோடு மலாய். தமிழ் என்றதும் முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொள்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு மரியாதையான மொழி. பெரியப்பா வந்தால் எழுந்து நிற்கிற மாதிரி எழுந்து நிற்கிறார்கள். ஆனால், பெரியப்பா மடியில் ஏறி விளையாட மாட்டார்கள்.

ஒரு மொழியில் வயிறு வலிக்கச் சிரித்த பிள்ளை அந்த மொழியை லேசில் விடாது. பரீட்சை முடிந்ததும் பாடப் புத்தகத்தை மூடிவிடலாம். சிரித்த கதையை மூட முடியாது, அது நாற்பது வயதிலும் திடீரென்று நினைவுக்கு வரும். தமிழை வாழவைக்க மாநாடும் தேவைதான், மாலையும் பொன்னாடையும் தேவைதான். வீட்டில் பத்து நிமிடம் தமிழில் சிரிப்பதும் அதே அளவு தேவை. இதற்கு மண்டபம் எடுக்க வேண்டாம், தலைவர் உரை வேண்டாம், நன்றியுரையும் வேண்டாம்.

பத்து நிமிடம் போதும்

செய்முறை சுலபம். வாரத்தில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். கைப்பேசிகள் எல்லாம் ஒரு தட்டில் போய் உட்காரட்டும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பரமார்த்த குருவில் தொடங்கலாம். ஒவ்வொரு கதையும் சிறியது, ஐந்து சீடர்களுக்கும் ஐந்து குரல் கொடுக்கலாம். பதின்ம வயதினருக்குச் சாம்பு பொருந்துவான். தாத்தா பாட்டி கூட இருந்தால் அப்புசாமியை எடுங்கள், ஆனால் சீதாப்பாட்டியின் வசனத்தைப் பாட்டியிடமே கொடுத்துவிடுங்கள். கல்யாணம் நிச்சயமாகி, இரு வீட்டாரும் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் மல்லுக்கட்டும் நேரத்தில் சாவி நல்ல மருந்து. வேலைக்குப் போகிற இளம் தம்பதிகள் முத்துலிங்கத்தில் தொடங்கலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. மதுரைத் திட்டத்தின் இணையப் பக்கத்தில் காசில்லாமல் கிடைக்கும்.

வாசிப்பதற்கு வானொலிக் குரல் எதுவும் வேண்டாம். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் இரண்டே குறிப்பு சொல்கிறேன். ஒன்று, வேகமாகப் படிக்காதீர்கள். சிரிப்பு வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு மூச்சு நிறுத்துங்கள், கேட்பவர்கள் அந்த இடைவெளிக்குள் வந்து உட்காருவார்கள். இரண்டு, வாசிக்கும்போது உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டால் அடக்காதீர்கள். அடுத்த வரி தடுமாறட்டும். தடுமாறுகிற அப்பாவைப் பார்த்து வருகிற சிரிப்பு புத்தகத்தில் இருக்கிற சிரிப்பைவிடப் பெரியதாக இருக்கும்.

முதல் வாரம் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். "என்னம்மா இது, பள்ளிக்கூடம் மாதிரி" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டாவது வாரம் யாராவது ஒருவர் மடையனுக்கு எப்படிக் குரல் கொடுப்பது என்று தானாகவே காட்ட வருவார். மூன்றாவது வாரம் வண்டியில் போகும்போது, தஞ்சோங் பூத்ரி சாலை அப்படியே உறைந்து நிற்கும்போது, "ஏன்தான் இத்தனை வண்டியோ!" என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்கள். பின்னிருக்கையிலிருந்து ஒரு சின்னக் குரல் வரும்: "அம்மா, நம்ம வண்டியையும் சேர்த்து எண்ணினீங்களா?"